ஸ்டீராய்டு ஆயின்மென்ட்: போடவும் பயம், போடாமல் இருக்கவும் முடியவில்லை

கொடிவேரி எழுதியது:

என் பையனுக்கு மூன்றரை வயது. எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே கன்னத்தில் கரப்பான் வந்தது. இப்போது முழங்கை மடிப்பு, முட்டிக்குப் பின்பக்கம், கழுத்து. பகலில் விளையாட்டில் மறந்துவிடுகிறான். ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சொறிய ஆரம்பித்தால் விடிய விடிய அதே வேலை. நகத்தை ஒட்ட வெட்டியாயிற்று, கையில் உறையும் போட்டாயிற்று. காலையில் பார்த்தால் போர்வையில் ரத்தப் பொட்டு.

ஸ்கின் டாக்டர் இரண்டு ட்யூப் எழுதினார். முகத்துக்கும் கழுத்துக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன், கை கால் மடிப்புக்கு மொமெட்டசோன். உடம்பு முழுக்கப் பூச ஒரு மாய்ஸ்சரைசர். மருந்து வாங்கும்போது கடைப் பையன், "இது ஸ்டீராய்டுக்கா, சின்னப் பிள்ளைக்குப் பார்த்துப் போடுங்க" என்றான். பக்கத்தில் மாமியார் நின்றிருந்தார். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு. தோல் சுருங்கிவிடும், வெள்ளை விழும், வளர்ச்சி நின்றுவிடும் என்கிறார். அவர் பயமுறுத்தச் சொல்லவில்லை, பேரன் மேல் உள்ள பாசத்தில் சொல்கிறார். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

மிளகளவு எடுத்து நாலு இடத்துக்கும் தேய்த்தேன். மூன்று நாளில் கொஞ்சம் அடங்கியது. உடனே நிறுத்தினேன். ஐந்தாம் நாள் பழையபடி. நாலு மாதமாக இப்படியே ஓடுகிறது. பிள்ளையும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. ஏற்கெனவே இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். போடலாமா, கூடாதா?

—

தறிச்சத்தம் எழுதியது:

அக்கா, நான் பட்டதைச் சொல்கிறேன். உங்கள் பையனுக்கு வந்திருப்பதும் எனக்கு வந்ததும் வேறு வேறாக இருக்கலாம், படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எனக்கு விசைத்தறியில் வேலை. பன்னிரண்டு மணி நேரம் வேர்வையில் நிற்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இடுப்பில் வேட்டி கட்டும் இடத்தில் வட்டமாக ஒரு படை வந்தது. மருந்துக்கடையில் காட்டினேன். ஒரு ட்யூப் கொடுத்தார்கள். நாலே நாளில் அரிப்பும் போயிற்று, சிவப்பும் போயிற்று. அடடா, என்ன மருந்து என்று நினைத்தேன். நிறுத்திப் பத்து நாளில் அதே இடத்தில் இன்னும் பெரிய வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம். திரும்பப் போட்டேன். இப்படி எட்டு மாதம். தொடைக்கு இறங்கியது, வீட்டுக்காரிக்கு வந்தது, கடைசியில் குழந்தைக்கும் வந்தது.

ஒரு நாள் குளிக்கும்போது பார்க்கிறேன், தொடை இடுக்கில் விரல் அகலத்துக்குக் கோடு கோடாகத் தோல் கிழிந்த மாதிரி பள்ளம். பிள்ளை பெற்றவர்கள் வயிற்றில் இருக்குமே, அதைவிட ஆழம். அப்போதுதான் ஸ்கின் டாக்டரிடம் போனேன். செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுப் படர்தாமரை என்றார். நான் போட்ட ட்யூப்பைக் காட்டினேன். அதில் நாலு மருந்து கலந்திருந்தது, ஒன்று க்ளோபெட்டசால் என்ற கடும் ஸ்டீராய்டு என்றார். அது பூஞ்சையைக் கொல்லவில்லை, தோல் அதை எதிர்த்துச் சண்டை போடாமல் தடுத்துவிட்டது. திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது நாயின் வாயைக் கட்டிய கதை.

வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து மருந்து, துணி தனித்தனி, துண்டு தனித்தனி, எல்லாம் வெயிலில் காயவைத்து. சரியாக நாலரை மாதம் ஆனது. படை போய்விட்டது, கோடுகள் போகவில்லை. அவை போகாது என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

—

புங்கமரம் எழுதியது:

கொடிவேரி, தயவுசெய்து போடாதீர்கள். என் தங்கை கையில் வந்த எக்ஸிமாவுக்கு, அதாவது கரப்பானுக்கு, ஸ்டீராய்டு பூச ஆரம்பித்து, அப்புறம் முகத்துக்கும் அதையே மூன்று வருஷம் போட்டாள். ஒரு நாள் எல்லாவற்றையும் நிறுத்தினாள். ஒரு வாரத்தில் முகம், கழுத்து, கை எல்லாம் தீயில் வாட்டியது போல ஆகிவிட்டது. இலை இலையாகத் தோல் உரிந்தது. வேலையை விட்டாள். ஏழு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. டாக்டர்கள் பாதிப் பேர் "உன் எக்ஸிமாதான் திரும்ப வந்திருக்கிறது" என்று சொல்லி அதே மருந்தை எழுதினார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்தவள் நான். பிள்ளைக்கு இந்த மருந்தைத் தொடங்கவே வேண்டாம்.

—

மாத்திரைப்பெட்டி எழுதியது:

பத்தொன்பது வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மேலே உள்ள மூன்று பதிவையும் இரண்டு தடவை படித்தேன். மூன்றும் உண்மை, மூன்றும் வேறு வேறு விஷயம். எல்லாவற்றையும் "ஸ்டீராய்டு" என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டுவதால்தான் இவ்வளவு குழப்பம்.

முதலில் வீரியம். 1952-இல் அமெரிக்காவில் சுல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இரண்டு தோல் மருத்துவர்கள் பூசிக் காட்டியது ஹைட்ரோகார்ட்டிசோன். இன்றும் இருப்பதிலேயே சாது அதுதான். அதற்கு மேலே மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன் போன்றவை. உச்சியில் க்ளோபெட்டசால். அடியில் உள்ளதற்கும் உச்சியில் உள்ளதற்கும் வீரியத்தில் பல நூறு மடங்கு வித்தியாசம். ட்யூப் மேல் போட்டிருக்கும் சதவீதத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் தினமும் வருகிறார்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம், க்ளோபெட்டசால் 0.05 சதவீதம். "இது கம்மிதானே சார், இதையே குழந்தைக்குப் போடுகிறேன்" என்று ஒருவர் போன வாரம்கூடக் கேட்டார். எண் சின்னது, மருந்து பெரியது. மருந்தின் பெயரைப் பார்க்க வேண்டும், எண்ணை அல்ல.

இரண்டாவது, இடம். ஒரே மருந்தை உள்ளங்கையில் தேய்த்தாலும் கன்னத்தில் தேய்த்தாலும் உள்ளே போகும் அளவு ஒன்றல்ல. 1967-இல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற இருவர் அளந்து பார்த்தார்கள். முன்கையில் உள்ளே போவதை 1 என்று வைத்தால் நெற்றியில் 6, தாடையில் 13, விரைப்பையில் 42. பாதத்தில் 0.14 மட்டும். அதனால்தான் கொடிவேரியின் டாக்டர் முகத்துக்கு ஒன்று, மடிப்புக்கு ஒன்று என்று இரண்டு ட்யூப் எழுதினார். அவர் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார் அம்மா. தறிச்சத்தம் தம்பிக்குத் தொடை இடுக்கில் கோடு விழுந்ததும் இதனால்தான்: மெல்லிய தோல், மடிப்பு, வேர்வை, அதன் மேல் உச்ச வீரியம், எட்டு மாதம்.

மூன்றாவதாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த நாலு மருந்துக் கலவை ட்யூப்பைச் சீட்டில்லாமல் கொடுத்தது என் தொழில் செய்கிற ஒருவர். 2018 மார்ச்சில் மத்திய அரசு பதினான்கு ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை ஷெட்யூல் எச்சில் சேர்த்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. நான் கொடுக்க மறுத்தால் எதிர்க்கடைக்குப் போகிறார்கள். பாதி வியாபாரம் போனாலும் பரவாயில்லை, கொடுப்பதில்லை.

புங்கமரம், உங்கள் தங்கைக்கு நடந்ததை யாரும் இல்லை என்று சொல்லக் கூடாது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2021-இல் இது பற்றி எச்சரிக்கை விட்டது. ஆனால் யாருக்கு அதிகம் வருகிறது என்று பாருங்கள். முகத்தில், மிதமான அல்லது கடும் வீரியத்தை, மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் விடாமல் போட்டவர்களுக்கு. மூன்றரை வயதுப் பிள்ளையின் முழங்கை மடிப்பில் பத்து நாள் போடுவது அதுவல்ல.

—

புங்கமரம் எழுதியது:

சரி, அண்ணா. ஆனால் என் தங்கைக்கும் யாரும் "மூன்று வருஷம் போடு" என்று சொல்லவில்லை. "வந்தால் போடு" என்றுதான் சொன்னார்கள். எப்போது நிறுத்துவது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் என் கோபம்.

—

மாத்திரைப்பெட்டி எழுதியது:

நியாயமான கோபம். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

—

வெயில்முகம் எழுதியது:

புங்கமரம் சொல்வது எனக்கும் நடந்தது. எனக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கன்னத்தில் மங்கு. டாக்டர் ஒரு க்ரீம் எழுதினார், மூன்று மருந்து கலந்தது, அதில் ஒன்று மொமெட்டசோன். எட்டு வாரம் போட்டுவிட்டு வரச் சொன்னார். எட்டு வாரத்தில் முகம் அப்படிப் பளிச்சென்று ஆனது. எல்லோரும் கேட்டார்கள், என்ன போடுகிறாய் என்று. நான் திரும்பப் போகவே இல்லை. காலி ட்யூப்பை எடுத்துப்போய்க் கடையில் காட்டி இரண்டு வருஷம் வாங்கினேன். நாத்தனாருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

அப்புறம் அடுப்பு முன்னால் நின்றால் முகம் எரிய ஆரம்பித்தது. தோசைக்கல் சூடு பட்டாலே போதும். கன்னத்தில் நூல் மாதிரி ரத்தக் குழாய் தெரிந்தது, பூனை முடி வளர்ந்தது, வாயைச் சுற்றிப் பொடிப் பொடியாகப் பரு. க்ரீமை நிறுத்தினால் நாலாம் நாள் முகம் வீங்கும். போட்டால் அரை மணியில் அடங்கும். அடங்குகிறதே என்று திரும்பப் போடுவேன். போட்டால்தான் முகம் என்கிற நிலைக்கு வந்துவிட்டேன். இந்த முகத்துக்கு டாக்டர்களிடம் ஒரு பெயரே இருக்கிறதாம், ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்று.

அதிலிருந்து வெளியே கொண்டுவந்தவரும் ஒரு ஸ்கின் டாக்டர்தான். ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. வீரியம் குறைந்த ஒன்றுக்கு மாற்றி, ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் வாரம் இரண்டு நாள். ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் ஆயின்மென்ட்டும் கொடுத்தார். முதல் ஒரு வாரம் அதுவும் எரிந்தது, அழுதேன். பத்து மாதம் ஆனது. மங்கு இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

—

வேப்பங்கொழுந்து எழுதியது:

அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். கொடிவேரி, நீங்கள் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் முழுசாகப் பதில் சொல்லவில்லை. உங்கள் டாக்டர் சொன்னதை மாற்றச் சொல்லவில்லை, எங்கள் வார்டில் அம்மாக்களுக்குக் காட்டுவதைச் சொல்கிறேன்.

நீங்கள் அதிகமாகப் போடவில்லை, மிகக் குறைவாகப் போடுகிறீர்கள். மிளகளவு நாலு மடிப்புக்கும் போதாது. உங்கள் ஆள்காட்டி விரலின் கடைசிக் கோட்டிலிருந்து நுனி வரை ட்யூப்பிலிருந்து ஒரு நீளம் பிதுக்குங்கள். அது ஏறக்குறைய அரை கிராம். விரலோடு சேர்த்து உங்கள் உள்ளங்கை இரண்டு வைத்தால் எவ்வளவு இடம் மறையுமோ அவ்வளவுக்கு அது காணும். பிள்ளையின் விரல் இல்லை, உங்கள் விரல். நாலு மடிப்பிலும் உங்கள் கையை வைத்துப் பாருங்கள், மொத்தம் இரண்டு உள்ளங்கைக்குள்தான் வரும். அப்படியானால் ஒரு விரல்நுனி. ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும்.

எப்போது நிறுத்துவது? இதுதான் புங்கமரத்தின் தங்கைக்கு யாரும் சொல்லாதது. நம் தோலில் சிவப்பைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. கறுத்த தோலில் கரப்பான் சாம்பலாக, ஊதாவாக, சில சமயம் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். சொரசொரவென்று இருக்கிறதா, தடிப்பாக இருக்கிறதா? பக்கத்தில் நல்ல தோலைத் தடவுங்கள். இரண்டும் ஒரே வழவழப்பாக ஆகி, அரிப்பும் நின்றால் தினசரிப் பூச்சை நிறுத்தலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரம். அதற்கு மேலும் அடங்கவில்லை என்றால் நீங்களாகத் தொடரக் கூடாது, போய்க் காட்ட வேண்டும். சீழ் வைத்திருக்கலாம், அல்லது தறிச்சத்தம் தம்பிக்கு வந்ததுபோலப் படர்தாமரையாக இருக்கலாம்.

நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். உங்கள் மாமியார் பயப்படுகிற வெள்ளையும் பெரும்பாலும் இதுதான். கரப்பான் ஆறிய இடம் கொஞ்ச நாள் வெளுத்துத் தெரியும். மருந்தால் வெளுத்தது என்று நினைத்து நிறுத்திவிடுவார்கள். வெண்புள்ளி அல்ல அது, தானாக நிறம் சேரும். வீரியமான மருந்தை நீண்ட நாள் போட்டாலும் வெளுக்கும், அது உண்மைதான். ஆனால் நீங்கள் மூன்று நாள் மிளகளவு போட்டதில் வெளுத்திருக்காது.

நீங்கள் செய்கிற மூன்று நாள், ஐந்து நாள் ஆட்டம்தான் மோசம். பாதி நெருப்பை அணைத்துவிட்டுத் தண்ணீர்க் குடத்தைக் கீழே வைக்கிறீர்கள். நாலு மாதமாகத் தோலில் அழற்சி இருந்துகொண்டே இருக்கிறது. அந்தத் தோல் தடித்துப் போகும், தடித்தால் இன்னும் வீரியமான மருந்து கேட்கும். அது மட்டுமல்ல, நாலு மாதம் தூங்காத பிள்ளை சரியாகச் சாப்பிடாது. வளர்ச்சி பற்றி வீட்டில் பேசினால் இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

அடிக்கடி திரும்ப வருகிற பிள்ளைகளுக்கு எங்கள் டாக்டர்கள் ஒன்று செய்வார்கள். ஆறிய பிறகும் வழக்கமாக வருகிற இடங்களில் மட்டும் வாரம் இரண்டு நாள், சனி ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பூச்சு. மற்ற ஐந்து நாளும் மாய்ஸ்சரைசர் மட்டும். உங்கள் பையனுக்கு அது ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னும் இரண்டு. கண் இமையில் மொமெட்டசோன் படவே கூடாது. கண்ணில் நீர் அழுத்தம் கூடும். ராத்திரி டயப்பர் கட்டுகிறீர்கள் என்றால் அதற்கு உள்ளே வருகிற இடத்தில் போடாதீர்கள். ப்ளாஸ்டிக் சுற்றின மாதிரி மருந்து பல மடங்கு உள்ளே போகும்.

—

பழையசெதில் எழுதியது:

இருபத்திரண்டு வருஷமாக சொரியாசிஸ். முட்டியிலும் முழங்கையிலும் க்ளோபெட்டசால் போட்டுத்தான் வாழ்கிறேன். இங்கே எல்லோரும் பயப்படுகிற அதே மருந்து. என் முட்டியில் யானைத்தோல் மாதிரி செதில், ஹைட்ரோகார்ட்டிசோனால் அதில் ஒன்றும் நடக்காது. இரண்டு வாரம் போடுவேன், அப்புறம் வைட்டமின் டி வகை ஆயின்மென்ட்டுக்கு மாறிவிடுவேன். இந்த மருந்துக்கு வாரம் 50 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு கணக்கு உண்டு. நான் அதில் கால்வாசிகூடத் தொட்டதில்லை. தோல் ஒன்றும் கிழியவில்லை.

எனக்குக் கெடுதல் வந்தது ஸ்டீராய்டு என்று தெரிந்து போட்டதில் இல்லை. "முழுக்க மூலிகை, பக்கவிளைவே கிடையாது" என்று சொல்லி டப்பாவில் லேபிள் இல்லாமல் கொடுத்த களிம்பில். பத்தே நாளில் செதில் போய்விட்டது. மூலிகை இவ்வளவு வேகமாகக் கேட்குமா என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நிறுத்தியதும் உடம்பெங்கும் வெடித்தது. பிற்பாடு படித்தேன், பிரிட்டனில் 1999-இல் இப்படி எக்ஸிமாவுக்குக் கொடுத்த பதினொரு சீன மூலிகைக் க்ரீம்களைச் சோதித்தபோது எட்டில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்ததாம். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிற ட்யூப்பை நான் நம்புவேன். எழுதாத டப்பாவைத் தொடமாட்டேன்.

கொடிவேரி அம்மா, மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள். ஸ்டீராய்டு வேண்டாம் என்று ஓடுகிறவர்களைத்தான் இந்த டப்பாக்காரர்கள் பிடிக்கிறார்கள்.

—

தறிச்சத்தம் எழுதியது:

நர்ஸ் அக்கா, ஒரு சந்தேகம். என் ஊரில் படர்தாமரை வந்தவர்கள் எல்லோரும் மருந்து கேட்கவில்லை என்கிறார்கள். முன்பெல்லாம் இரண்டு வாரத்தில் போய்விடும் என்பார்கள். இந்தக் கலவை ட்யூப்பால்தானா?

—

வேப்பங்கொழுந்து எழுதியது:

அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது தம்பி. ஆனால் பெரிய பங்கு அதற்கு உண்டு. பூஞ்சையே மாறியிருக்கிறது. டெர்பினஃபின் என்ற பூஞ்சை மருந்துக்குப் பெரும்பாலும் அடங்காத ஒரு வகைக்கு 2020-இல் இந்தியாவின் பெயரையே வைத்துவிட்டார்கள், ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று. கலவை ட்யூப் போட்டு வருகிறவர்களுக்கு வட்டத்தின் விளிம்பே அழிந்துபோயிருக்கும், பார்த்தால் படர்தாமரை என்று தெரியாது. அதனால்தான் உங்களுக்குச் சுரண்டிப் பார்த்தார்கள். டாக்டரிடம் வரும்போது போட்ட ட்யூப்பை மறைக்காமல் கொண்டுவாருங்கள் என்று உங்கள் தறிக்கூடத்தில் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று பயந்து பலர் வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள்.

—

கொடிவேரி எழுதியது (ஆறு வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. திரும்ப வந்து சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

இந்த இழையைப் படித்த மறுநாளே அதே டாக்டரிடம் போனேன். நான்கு மாதமாகச் செய்ததை ஒளிக்காமல் சொன்னேன். மாமியாரையும் கூட்டிப்போனேன். அவர் கேட்க நினைத்த எல்லாவற்றையும் நேராகக் கேட்டார். டாக்டர் அவருடைய விரலிலேயே ஆயின்மென்ட்டைப் பிதுக்கிக் காட்டினார். இப்போது மாமியார்தான் அளந்து எடுத்துத் தருகிறார்.

முதல் தடவை ஒரு விரல்நுனி அளவு பூசியபோது கை நடுங்கியது. நாலாம் நாள் ராத்திரி அவன் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. நான்தான் மூன்று தடவை எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். முழங்கை ஒன்பது நாளில் வழவழப்பானது, முட்டிக்குப் பின்பக்கம் பதின்மூன்று. கண்ணை மூடித் தடவிப் பார்க்கச் சொன்னீர்களே, அது பெரிய உதவி. கண்ணால் பார்த்திருந்தால் இன்னும் கறுப்பாக இருக்கிறதே என்று ஒரு மாதம் போட்டிருப்பேன்.

இப்போது புதனும் ஞாயிறும் மட்டும், நாலு மடிப்பில். குளித்துத் துடைத்ததும் மாய்ஸ்சரைசர், அரை மணி கழித்து மருந்து. கடலை மாவு தேய்ப்பதை நிறுத்திவிட்டோம். நடுவில் காய்ச்சல் வந்தபோது கழுத்தில் ஒரு தடவை கிளம்பியது. ஹைட்ரோகார்ட்டிசோன் ஐந்து நாள் போட்டோம், அடங்கியது. கரப்பான் போய்விடவில்லை, இன்னும் சில வருஷம் வந்து போகும் என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ட்யூப் மேலேயே மார்க்கர் பேனாவால் பூசுகிற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு போடுகிறேன். புங்கமரம், உங்கள் தங்கை கதையைப் படித்த பிறகு ஆரம்பித்த பழக்கம். தினமும் போட்ட நாளுக்கு நீலம், வாரம் இரண்டு நாள் பூச்சுக்குச் சிவப்பு. நீலம் பதின்மூன்று, சிவப்பு எட்டு. அடுத்த மாதம் காட்டப் போகும்போது ட்யூப்பையே எடுத்துப்போவேன்.

—

புங்கமரம் எழுதியது:

கோடு போடுகிறதைத் தங்கையிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பையன் பெயர் என்ன என்று கேட்கச் சொன்னாள்.